சத்தம் மிகுந்த இசைக்குழுவில் பேஸ் கிட்டாருக்கு எத்தனை வாட் ஆம்ப் போதுமானது?

நாலுகம்பி_அம்மாப்பேட்டை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். சேலம் அம்மாப்பேட்டையில் நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து ஓர் இசைக்குழு நடத்துகிறோம். டிரம்ஸ் ஒருவர், மின் கிட்டார் இருவர், பாடுபவர் ஒருவர், பேஸ் கிட்டார் நான். திரைப்பாடல்களையும் நாங்களே மெட்டமைத்த சில பாடல்களையும் ராக் பாணியில் வாசிக்கிறோம். கீழே விசைத்தறிப் பட்டறை இருப்பதால், தறி ஓடாத ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் மாடியறையில் பயிற்சி நடக்கும். அறை பத்தடிக்கு இருபதடி; நான்கு பக்கமும் பூசிய சுவர், மேலே கான்கிரீட் தளம்.

என்னிடம் இருப்பது 12 அங்குல ஸ்பீக்கர் ஒன்று பொருத்திய 100 வாட் காம்போ ஆம்ப். வீட்டில் குமிழைக் கால் பங்கு திருப்பினாலே ஜன்னல் கண்ணாடி அதிரும். அதே ஆம்ப், பயிற்சி அறையில் இருக்கும் இடம் தெரியாமல் போய்விடுகிறது. எங்கள் டிரம்மர் கையை ஓங்கி அடிப்பவர். கிட்டார்காரர்களில் ஒருவரிடம் 50 வாட் வால்வு ஆம்பும் 12 அங்குல ஸ்பீக்கர் நான்கு கொண்ட பெட்டியும் உள்ளன. மற்றவரிடம் 100 வாட் டிரான்சிஸ்டர் ஆம்ப் உள்ளது. இருவரும் தங்கள் குமிழைப் பாதிக்கு மேல் தொட்டதே இல்லை. எனக்கோ பாதியைத் தாண்டியதும் ஒலி வளர்வதில்லை. கொழகொழவென்று குழம்ப மட்டும் செய்கிறது. மிகத் தடித்த ஈ (E) கம்பியின் கீழ்ச் சுரங்களை அழுத்தி வாசித்தால் ஸ்பீக்கர் ‘பட், பட்’ என்று அடித்துக்கொள்கிறது. முன்பக்கத்துத் துணி வலை மூச்சு வாங்குவதுபோல் உள்ளும் புறமும் அசைவதைக் கண்ணாலேயே பார்க்கிறேன்.

இன்னொன்றும் எனக்கு விளங்கவில்லை. அதற்கடுத்த ஏ (A) கம்பியை விரல் வைக்காமல் மீட்டினால் அறை முழுவதும் கும்மென்று அதிர்ந்து, ஜன்னல் திண்டில் வைத்த காபி டம்ளர் விளிம்பை நோக்கி நகர்ந்தே போகிறது. அடுத்த நொடி ஈ கம்பிக்கு வந்தால், பேஸ் வாசிக்க ஆளே இல்லாததுபோல் ஆகிவிடுகிறது.

முன்னால் இரண்டு நிகழ்ச்சிகள் இருக்கின்றன. ஒன்று சேலத்தில் ஒரு கல்லூரி அரங்கம். மற்றொன்று ஏற்காட்டில் ஒரு காபித் தோட்டத்துப் புல்வெளியில் மாலை நேர வரவேற்பு நிகழ்ச்சி. கடையில் கேட்டால் ஒருவர் 300 வாட் போதும் என்கிறார். இன்னொருவர் 800 வாட்டுக்குக் கீழே எதுவும் உதவாது என்கிறார். வாட்டைப் பற்றிக் கவலைப்படாதே, ஸ்பீக்கரைக் கூட்டு என்கிறார் நண்பர். பழைய பொருளாக இருந்தாலும் எனக்குச் சம்மதமே. 60,000 ரூபாய்க்குள் முடிய வேண்டும். எங்கள் மாடிப்படி குறுகலானது. பெட்டி மிகவும் கனமாக இருந்தால் ஏற்ற முடியாது. உண்மையில் எத்தனை வாட் வேண்டும் என்று அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் நன்றியுடன் இருப்பேன்.

குகை_வாசி எழுதியது:

இரண்டு கிட்டாரும் டிரம்ஸும் உள்ள குழு என்றால் 300 வாட்டுக்குக் குறைந்து போகாதீர்கள். நானும் 100 வாட்டில் இரண்டு ஆண்டுகள் தவித்துவிட்டுத்தான் மாறினேன். ஆனால் அந்த 300 உண்மையான 300ஆக இருக்க வேண்டும். பழைய டூ-இன்-ஒன் பெட்டிகளில் ‘1000 வாட் பி.எம்.பி.ஓ.’ என்று விளம்பரத்துக்காக ஊதிய எண்ணை ஒட்டியிருந்ததை நம் வீடுகளில் பார்த்திருக்கிறோம். அவை மேசையில் வைத்துப் பாட்டுக் கேட்கத்தான் உதவின. ஆம்பின் பின்பக்கத்தில் ‘ஆர்.எம்.எஸ்.’ (தொடர்ந்து தரக்கூடிய சக்தி) என்று எத்தனை வாட், அதுவும் எத்தனை ஓமில் (ஸ்பீக்கரின் மின்தடையில்) என்று எழுதியிருக்கிறது என்பதைப் பார்த்துவிட்டு விலை பேசுங்கள். ‘பீக்’ (கணநேர உச்சம்) என்று மட்டும் போட்டிருந்தால் பாதியாகக் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

மெல்லிசை_மேடை எழுதியது:

தம்பி, ஆடி மாதத்தில் கோட்டை மாரியம்மன் திருவிழா தொடங்கிவிட்டால் சேலத்தில் தெருவுக்குத் தெரு மேடை போட்டிருந்த காலத்திலிருந்து நான் மெல்லிசைக் குழுக்களில் பேஸ் வாசித்து வருகிறேன். நீங்கள் எழுதியதில் எனக்குப் பிடித்தது, கண்ணால் பார்த்ததையும் காதால் கேட்டதையும் அப்படியே எழுதியிருப்பதுதான். ஒலி வளராமல் குழம்புவது ஒரு நோய். ஸ்பீக்கர் ‘பட்’ என்று அடித்துக்கொள்வது வேறொரு நோய். முதலாவதில் ஆம்பின் வாட் தீர்ந்துவிட்டது. இரண்டாவதில் ஸ்பீக்கரின் கூம்பு, தான் போய்வரக்கூடிய தூரத்தின் எல்லையைத் தொட்டுவிட்டது. வாட்டை மட்டும் கூட்டினால் முதல் நோய் தீர்ந்து இரண்டாவது முற்றிவிடும்.

கிட்டார்காரருக்கு 50 வாட் போதுமாக இருக்கையில் நமக்கு ஏன் போதவில்லை என்ற கேள்விதான் இதில் மூலம். அவருடைய கீழ் ஈ கம்பி நொடிக்கு 82 முறை அதிர்கிறது. நம்முடையது 41 முறை. ஒரே அளவு ஒலி அழுத்தத்தை ஒரு ஸ்தாயி கீழே எழுப்ப வேண்டுமென்றால், கூம்பு நான்கு மடங்கு தூரம் முன்னும் பின்னும் நகர்ந்தாக வேண்டும். அது போதாதென்று, தாழ்ந்த சுரங்களை நம் காது மந்தமாகத்தான் கேட்கிறது. 1933ஆம் ஆண்டிலேயே பிளெட்சரும் மன்சனும் இதை அளந்து கோடு கோடாக வரைந்து காட்டிவிட்டார்கள். கிட்டாரின் கூர்மை எழும் 2000 முதல் 4000 ஹெர்ட்ஸ் வரையுள்ள பகுதியில் காது மிகவும் விழிப்பாக இருக்கிறது. 40 ஹெர்ட்ஸில் அதே சத்தமாகக் கேட்க, பல மடங்கு சக்தி தேவைப்படுகிறது. மேலும், வால்வு ஆம்ப் எல்லை மீறிக் கரகரத்தால் கிட்டாருக்கு அது அழகு. கிட்டார்காரர் அதைத் தேடிப் போகிறார். நமக்கோ, எல்லையைத் தொட்ட மறுகணமே சுரம் கரைந்து போய்விடுகிறது. ஆகவே, நம் ஆம்ப் எப்போதும் பாதிச் சக்தியைக் கையிருப்பாக வைத்துக்கொண்டு ஓட வேண்டும். விரல் அழுத்தி விழும் அந்த ஒரு நொடிக்குத்தான் மீதி வாட் வேண்டியிருக்கிறது.

இனி, கடைக்காரர்கள் இருவரின் வழக்கைப் பார்ப்போம். வாட்டை இருமடங்காக்கினால் கிடைப்பது 3 டெசிபெல். கவனித்துக் கேட்டால் தெரியும் வேறுபாடு, அவ்வளவுதான். காதுக்கு ‘இரண்டு பங்கு சத்தம்’ என்று தோன்ற ஏறக்குறைய 10 டெசிபெல் வேண்டும். அதற்கு வாட் பத்து மடங்காக வேண்டும். 300க்கும் 800க்கும் இடையே உள்ளது 4 டெசிபெல் சொச்சம். 500க்கும் 800க்கும் இடையே 2 டெசிபெல். அதற்காகக் கூடுதல் பணம் கொடுக்காதீர்கள். ஆனால் 100லிருந்து 500க்குப் போனால் 7 டெசிபெல் கிடைக்கிறது; அது உங்கள் அறையில் உங்களுக்கு உறுதியாகத் தெரியும்.

இந்தக் கணக்கை எல்லாரும் வாட்டோடு நிறுத்திவிடுகிறார்கள் என்பதுதான் என் வருத்தம். பெட்டியின் சென்சிட்டிவிட்டி என்று ஓர் எண் கொடுத்திருப்பார்கள்: ஒரு வாட் செலுத்தினால் ஒரு மீட்டர் தூரத்தில் எத்தனை டெசிபெல் என்பது அது. 94 என்று போட்ட பெட்டியில் 400 வாட் செலுத்தி எழும் சத்தத்தை, 100 என்று போட்ட பெட்டி 100 வாட்டிலேயே எழுப்பிவிடும். சிறிய பெட்டியும் வேண்டும், ஆழ்ந்த தாழ்சுரமும் வேண்டும், சத்தமும் வேண்டும் என்றால் மூன்றும் ஒருசேரக் கிடைக்காது. சிறிய பெட்டியில் ஆழம் கேட்டால் சென்சிட்டிவிட்டியைத்தான் விலையாகக் கொடுக்க வேண்டியிருக்கும்.

பெட்டியின் பின்னால் ‘300 வாட்’ என்று எழுதியிருப்பது, ஸ்பீக்கருக்குள் உள்ள கம்பிச்சுருள் (காயில்) கருகாமல் தாங்கும் சூட்டின் அளவு. கூம்பு அதற்கு வெகு முன்னதாகவே, 40 ஹெர்ட்ஸ் பக்கம் வரும்போது சில சமயம் பாதி வாட்டிலேயே, தன் எல்லையைத் தொட்டுவிடும். இதற்கு மருந்து கூம்பின் பரப்பைக் கூட்டுவதுதான். நான்கு கூம்புகள் வேலையைப் பகிர்ந்துகொண்டால் ஒவ்வொன்றும் சிறிதளவு அசைந்தாலே போதும். எனவே என் விடை இது: 4 ஓமில் உண்மையான 300 முதல் 500 வாட் வரை தரும் ஆம்ப் ஹெட் (ஸ்பீக்கர் இல்லாத தனி ஆம்ப்) ஒன்று, அதனுடன் 10 அங்குல ஸ்பீக்கர் நான்கு அல்லது 12 அங்குல ஸ்பீக்கர் இரண்டு. உங்கள் குழுவுக்கு இதற்குக் கீழே போனால் மீண்டும் இங்கே வந்து இதே கேள்வியைக் கேட்பீர்கள். இதற்கு மேலே போவது பண விரயம்.

மாடிப்படியை நினைத்தால் நான்கையும் ஒரே பெட்டியில் வாங்க வேண்டாம். இரண்டு இரண்டாகப் பிரித்து வாங்குங்கள். அப்போது ஓம் கணக்கில் ஏமாறாதீர்கள். டிரான்சிஸ்டர் ஆம்பும் இப்போதைய எடை குறைந்த டி வகுப்பு (Class D) ஆம்பும் 4 ஓமில் 500 வாட் தந்தால், 8 ஓமில் பெரும்பாலும் 300க்குள்தான் தரும். முதல் பெட்டியை 8 ஓமாக வாங்கினால், பின்னாளில் அதே போன்ற இரண்டாவது 8 ஓம் பெட்டியை இணைக்கும்போது மொத்தம் 4 ஓம் ஆகிவிடும். ஆம்பும் தன் முழு வாட்டைத் தரும், கூம்புப் பரப்பும் இரட்டிக்கும். இரண்டும் சேர்ந்து 5 டெசிபெல் அளவுக்கு ஏறும். ‘4 ஓம்தான் சத்தம் அதிகம்’ என்று முதலிலேயே 4 ஓம் பெட்டியை வாங்கிவிட்டால், இரண்டாவதை இணைத்ததும் 2 ஓம் ஆகி, பெரும்பாலான ஆம்புகள் சூடேறி அணைந்துவிடும். பெட்டியை இணைக்க ஸ்பீக்கர் கேபிள்தான் வேண்டும். அவசரத்தில் நான் ஒருமுறை கிட்டார் கேபிளையே ஆம்புக்கும் பெட்டிக்கும் இடையே மாட்டி வாசித்தேன். மூன்றாம் பாட்டில் அதன் பிளாஸ்டிக் உறை விரலில் ஒட்டும் அளவுக்கு இளகியிருந்தது.

ஏ கம்பிப் புதிருக்கு விடை உங்கள் சுவரில் இருக்கிறது. பத்தடி என்பது ஏறத்தாழ 3.05 மீட்டர். எதிரெதிர்ச் சுவர்களுக்கிடையே அந்த அகலத்தில் நிலைகொள்ளும் முதல் அலை 56 ஹெர்ட்ஸ். ஏ கம்பியின் அதிர்வு 55 ஹெர்ட்ஸ். அறையின் நீளம் அகலத்தைப்போல் சரியாக இருமடங்காக இருப்பதால், நீளவாக்கின் இரண்டாவது அலையும் அதே 56இல் வந்து அமர்ந்துகொள்கிறது. 41 ஹெர்ட்ஸுக்கு அப்படிக் கைகொடுக்கும் அலை எதுவும் அந்த அறையில் இல்லை. அதை ஈடுகட்ட நீங்கள் பேஸ் குமிழைத் திருப்பியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அங்கேதான் உங்கள் 100 வாட்டும் கரைந்து போகிறது. தாழ்சுரத்தை 6 டெசிபெல் ஏற்றினால் அந்தச் சுரத்துக்கு நான்கு மடங்கு வாட் வேண்டும். 10 ஏற்றினால் பத்து மடங்கு. பேஸ் குமிழை நடுவில் விட்டுவிட்டு, 250 முதல் 800 ஹெர்ட்ஸ் வரையுள்ள நடுப்பகுதியைச் சற்று உயர்த்திப் பாருங்கள். ஈ கம்பியின் அடிப்படை அதிர்வு ஸ்பீக்கரில் முழுமையாக வராவிட்டாலும், அதன் மேலடுக்குகள் (இருமடங்கு, மும்மடங்கு அதிர்வுகள்) தெளிவாகக் கேட்டால், விடுபட்ட அடியைக் காது தானே நிரப்பிக்கொள்ளும். தனியாக வாசிக்கையில் அந்த ஒலி மெலிந்து கேட்கும். குழுவோடு சேர்ந்ததும் சுரம் சுரமாக எழுந்து நிற்கும்.

ஒரு சிறு வரலாறும் சொல்லிவிடுகிறேன். ராக் குழுக்கள் பெரிய மைதானங்களுக்குப் போகத் தொடங்கிய காலத்தில், 1969இல் ஆம்பெக் நிறுவனம் எஸ்.வி.டி. என்ற 300 வாட் வால்வு ஆம்பையும் அதற்கென 10 அங்குல ஸ்பீக்கர் எட்டு கொண்ட பெட்டியையும் கொண்டு வந்தது. அன்று அது மலைப்பான எண். அந்த ஹெட் மட்டுமே 35 கிலோவுக்கு மேல் இருக்கும். இன்று டி வகுப்பு ஹெட் மூன்று கிலோவில் அதைவிடக் கூடுதல் வாட் தருகிறது. ஆனால் எட்டு ஸ்பீக்கர்கள் தள்ளிய காற்றை எந்த மூன்று கிலோ ஹெட்டும் தனியே தள்ளிவிடாது.

நாலுகம்பி_அம்மாப்பேட்டை எழுதியது:

ஐயா, இவ்வளவு பொறுமையாக எழுதியதற்கு மிக்க நன்றி. பேஸ் குமிழைப் பற்றி நீங்கள் ஊகித்தது அப்படியே உண்மை. அது முழுவதும் திருப்பித்தான் இருந்தது. என் காம்போவில் வெளிப்பெட்டியை இணைக்கத் துளை இல்லை. ஆகவே ஹெட்டும் பெட்டியுமாகவே போகலாம் என்று முடிவு செய்துவிட்டேன்.

இரண்டு ஐயங்கள் மட்டும் மீதமிருக்கின்றன. 500 வாட் ஹெட்டை 300 வாட் தாங்கும் ஒற்றைப் பெட்டியில் சில மாதங்கள் ஓட்டினால் ஸ்பீக்கர் போய்விடாதா? ‘வாட் குறைந்த ஆம்ப்தான் ஸ்பீக்கரைக் கொல்லும், கூடினால் ஆபத்தில்லை’ என்றும் ஒருவர் சொன்னார். ஏற்காட்டுப் புல்வெளிக்கு இந்த ஏற்பாடு போதுமா என்பது இரண்டாவது.

மெல்லிசை_மேடை எழுதியது:

அந்தச் சொல்லில் பாதிதான் சரி, தம்பி. வாட் குறைந்த ஆம்ப் குறைந்த வாட்டால் ஸ்பீக்கரைக் கெடுப்பதில்லை. 100 வாட் ஆம்பை எல்லை மீறி நசுக்கினால் அலையின் தலையும் காலும் தட்டையாகி, சராசரிச் சக்தி இருமடங்கு அருகில் போய்விடும். அந்தக் கூடுதல் சூடுதான் காயிலையும், அதற்கு முன்பே மேல்சுரங்களுக்கான சிறு ஸ்பீக்கரான ட்வீட்டரையும் எரிக்கிறது. உங்கள் விஷயத்தில் 8 ஓம் ஒற்றைப் பெட்டிக்குப் போவது 300 வாட்டுக்குள்தான், எனவே அச்சமில்லை. ‘பட்’ என்ற ஓசை கேட்ட அந்த நொடியே குமிழைக் குறைக்கும் பழக்கம் இருந்தால் போதும். 30, 40 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டும் ஹை-பாஸ் ஃபில்டர் உள்ள ஹெட் கிடைத்தால் விடாதீர்கள். காதுக்கு எட்டாத அசைவுக்கு வாட்டும் கூம்பும் வீணாவதை அது தடுக்கும்.

ஏற்காட்டைப் பற்றி மைக்செட் தொழிலில் இருப்பவர் யாராவது சொல்வதே முறை.

அஸ்தம்பட்டி_சவுண்ட் எழுதியது:

தொழில்முறையில் சொல்கிறேன்: நீங்கள் வேன் ஏற்றிக் கொண்டு போகக்கூடிய எந்த பேஸ் ஆம்பும் திறந்த புல்வெளிக்குப் போதாது, போதவும் வேண்டியதில்லை. அறையில் உங்களுக்குக் கைகொடுத்த சுவர்கள் அங்கே இல்லை. வெட்டவெளியில் தூரம் இரட்டிக்கும் ஒவ்வொரு முறையும் 6 டெசிபெல் குறையும். மேடையின் முன் ஒரு மீட்டரில் 110 டெசிபெல் இருந்தால், 16 மீட்டர் தள்ளி நாற்காலியில் இருப்பவருக்கு 86தான் போய்ச் சேரும். பார்வையாளருக்கு பேஸைக் கொண்டு போவது சவுண்ட் சர்வீஸ்காரரின் 18 அங்குல சப்வூஃபர்களின் வேலை. உங்கள் ஆம்ப் மேடையில் உங்களுக்கும் டிரம்மருக்கும் கேட்டால் போதும். அதற்கு, மெல்லிசை ஐயா சொன்ன அளவு தாராளம்.

ஆம்பின் பின்னால் டி.ஐ. வெளியீடு (மிக்சருக்கு நேரே ஒலியை அனுப்பும் துளை) இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். அதனருகே ‘பிரீ’, ‘போஸ்ட்’ என்று ஒரு பொத்தான் இருக்கும். ‘பிரீ’யில் வைத்தால், மேடையில் நீங்கள் குமிழ்களை எப்படித் திருப்பினாலும் மிக்சரில் இருப்பவருக்கு ஒலி மாறாமல் போகும். நிகழ்ச்சியை ஒப்புக்கொள்ளும் முன் சப்வூஃபர் வருமா என்று வாய்விட்டுக் கேளுங்கள். பேச்சுக்கும் அறிவிப்புக்கும் கட்டும் குழாய் ஒலிபெருக்கியும், மெலிந்த தூண் வடிவ ‘காலம்’ (column) ஸ்பீக்கரும் மட்டுமே வந்தால், உங்கள் கையில் 1000 வாட் இருந்தாலும் பேஸ் மக்களிடம் போய்ச் சேராது. ‘பெரிய செட்’ என்ற சொல்லை நம்பி மேலே போய், சப் இல்லாமல் ஒரு முழு இரவு ஓட்டிய குழுவுக்கு நான் மிக்சரில் உட்கார்ந்திருக்கிறேன். வாசித்தவரின் முகத்தைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது.

பலகை மேடை என்றால் பெட்டியை நேரே பலகைமேல் வைக்காதீர்கள். அடியில் வெற்றிடம் இருப்பதால் மேடையே ஒரு முரசாகி, ஒரு சில சுரங்களில் மட்டும் முழங்கத் தொடங்கும். அந்த முழக்கம் பாடுபவரின் மைக்கிலும் ஏறும். கனத்த ரப்பர் பாய் ஒன்றைக் கொண்டு போய் அடியில் போடுங்கள்.

மின்சாரத்தில் மட்டும் என் சொல்லைத் தட்டாதீர்கள். தோட்டத்தில் பெரும்பாலும் ஜெனரேட்டரில்தான் ஓட்டுவார்கள். மும்முனை (த்ரீ ஃபேஸ்) ஜெனரேட்டரில் நியூட்ரல் வயர் விட்டுப் போனால், 230 வோல்ட் வர வேண்டிய பிளக்கில் அதைவிட வெகு உயரத்துக்கு ஏறிவிடும். ஒரே நொடியில் ஆம்ப் போய்விடும். எலக்ட்ரீஷியனை மீட்டர் வைத்து உங்கள் கண்முன் அளக்கச் சொல்லி, 230 பக்கத்தில் நிலையாக நின்ற பிறகு மாட்டுங்கள். விளக்குகளுக்கும் இசைக்கருவிகளுக்கும் வெவ்வேறு லைன் கேளுங்கள். இரைச்சல் வருகிறது என்று எர்த் பின்னை உடைக்கும் பழக்கம் சிலரிடம் உண்டு. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள், மைக்கில் வாய் வைத்துப் பாடுபவரின் உயிர் அதில் இருக்கிறது. வெளிநாட்டிலிருந்து வந்த பழைய ஹெட் மலிவாகக் கிடைத்தால், அது 120 வோல்ட்டுக்கு மட்டும் ஆனதா என்று பின்பக்கத்தைப் படித்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்.

அடிவாரத்திலிருந்து மேலே 20 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன; பெட்டியைக் கயிறு போட்டுக் கட்டாவிட்டால் ஒவ்வொரு வளைவிலும் அது வேனுக்குள் தானே இடம் மாறும். சாயங்காலம் மூடுபனி இறங்கினால் கருவிகளின்மேல் ஈரம் படியும், தார்ப்பாயை மறக்காதீர்கள். இரவு 10 மணிக்கு மேல் திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது என்பது 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதி. மலையில் சத்தம் வெகுதூரம் போகும் என்பதால், நேரத்தைப் பார்த்துப் பாட்டு வரிசையை அமையுங்கள்.

கன்னங்குறிச்சி_டிரம்ஸ் எழுதியது:

எல்லாரும் பேஸ்காரரையே ஆம்ப் வாங்கச் சொல்கிறீர்கள். டிரம்ஸ் வாசிப்பவன் என்ற முறையில் என் கருத்தையும் பதிவு செய்கிறேன். பத்தடி அகல அறையில் 12 அங்குல ஸ்பீக்கர் நான்கு கொண்ட பெட்டி தரையில் நிற்கிறது என்றால், அதன் கூரான ஒலி கிட்டார்காரரின் முழங்காலுக்குப் போகிறது. அவருக்குக் கேட்காததால் அவர் கூட்டுகிறார், எதிரே நிற்பவருக்குக் காது கிழிகிறது. அந்தப் பெட்டியின் முன்பக்கத்தைத் தூக்கி அவர் காதைப் பார்க்க வையுங்கள், அவராகவே குறைத்துக்கொள்வார். கிட்டார்கள் இரண்டிலும் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதைக் குறைக்கச் சொல்லுங்கள். தனியாக வாசிக்கையில் அவர்களுக்கு அந்தக் கனம் பிடிக்கும். குழுவில் அந்த இடம் பேஸுக்கும் கிக் டிரம்முக்கும் உரியது.

காதைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அமெரிக்கத் தொழில்நல ஆய்வு நிறுவனமான நையோஷ் வகுத்த அளவுப்படி 85 டெசிபெல்லில் எட்டு மணி நேரம் இருக்கலாம். ஒவ்வொரு 3 டெசிபெல் ஏறும்போதும் நேரம் பாதியாகும். 100 டெசிபெல்லில் அது 15 நிமிடம். நீங்கள் சொல்லும் அறை அதற்குக் குறையாது. எனக்கு இடது காதில் இரவு நேரத்தில் ஒரு மெல்லிய ‘கீ’ ஒலி கேட்டுக்கொண்டே இருக்கிறது. பதினைந்து ஆண்டுகள் அடைப்பான் இல்லாமல் வாசித்ததன் பலன் அது, இனிப் போகாது. இசைக்கலைஞர்களுக்கென உள்ள காதடைப்பான்களை ஐந்து பேரும் வாங்குங்கள். ஆம்ப் வாங்கும் அதே நாளில் வாங்குங்கள்.

நாலுகம்பி_அம்மாப்பேட்டை எழுதியது:

நேற்று ஞாயிற்றுக்கிழமை. தெரிந்த குழு ஒன்றிடமிருந்து 4 ஓமில் 500 வாட் தரும் ஹெட் ஒன்றையும், 10 அங்குல ஸ்பீக்கர் இரண்டிரண்டு கொண்ட 8 ஓம் பெட்டிகள் இரண்டையும் ஒரு நாளைக்கு இரவல் வாங்கி வந்தோம். நடந்ததை எழுதுகிறேன்.

முதலில் என் பழைய காம்போவிலேயே பேஸ் குமிழை நடுவுக்குக் கொண்டுவந்து நடுப்பகுதியை உயர்த்தினேன். கிட்டார் பெட்டியின் முன்பக்கத்துக்கு அடியில் இரண்டு செங்கல் வைத்துச் சாய்த்தோம். அவர் இரண்டு பாட்டு வாசித்துவிட்டு, யாரும் சொல்லாமலே குமிழைக் குறைத்தார். ‘பட்’ ஓசை நின்றுவிட்டது. என் வாசிப்பு எனக்கே கேட்டது. ஆனால் டிரம்மர் கோரஸில் ஓங்கியதும் மீண்டும் மூழ்கிவிட்டேன். ஆகவே 100 வாட் போதாது என்பதும் உறுதியாகிவிட்டது.

பிறகு புதிய ஹெட்டை ஒற்றைப் பெட்டியுடன் இணைத்தோம். மூலையில் வைத்தபோது ஏ கம்பி பழையபடி முழங்கியது. மூலையிலிருந்து இழுத்து, நீளச் சுவரில் மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் வைத்ததும் அடங்கியது. டம்ளர் அசையவில்லை. ஈ கம்பியின் ஒவ்வொரு சுரமும் தனித்தனியாக வந்தது. மாஸ்டர் குமிழ் பாதியைத் தாண்டவில்லை. இரண்டாவது பெட்டியை முதல் பெட்டியின்மேல் ஏற்றி இணைத்ததும், மேல் ஸ்பீக்கர்கள் என் நெஞ்சுக்கு நேராக வந்தன. குமிழைக் கால் பங்குக்குக் குறைத்தும் டிரம்மர் திரும்பிப் பார்த்தார். நான்கு ஸ்பீக்கர் அந்த அறைக்குத் தேவைக்கு மேல். கல்லூரி அரங்கத்துக்குச் சரியாக இருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

எனவே இப்போது ஹெட்டும் 8 ஓம் பெட்டி ஒன்றும் பழையதாக வாங்குகிறேன், டி.ஐ. வெளியீட்டையும் வோல்ட்டையும் பார்த்துவிட்டேன், 230தான். கல்லூரி நிகழ்ச்சிக்கு இரண்டாவது பெட்டியை இரவல் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். ஏற்காட்டு நிகழ்ச்சியின் சவுண்ட் சர்வீஸ்காரரிடம் பேசினேன். 18 அங்குல சப் நான்கு வருகிறதாம், நியூட்ரலை அளக்க மீட்டரும் கொண்டு வருவதாகச் சொன்னார். காதடைப்பான் ஐந்து ஜோடிக்குச் சொல்லிவிட்டோம். ரப்பர் பாய் மட்டும் செவ்வாய்ப்பேட்டையில் தேடிக்கொண்டிருக்கிறேன். எத்தனை மில்லிமீட்டர் தடிமன் வேண்டும் என்று அஸ்தம்பட்டி அண்ணன் சொன்னால் நாளைக்கே வாங்கிவிடுவேன்.

அஸ்தம்பட்டி_சவுண்ட் எழுதியது:

மாட்டுத் தொழுவத்தில் விரிக்கும் தடித்த ரப்பர் பாய் இருக்கிறதல்லவா, அதில் பெட்டியின் அடியளவுக்கு இரண்டு துண்டு வெட்டி, ஒன்றன்மேல் ஒன்றாகப் போடுங்கள். தீவனக் கடைகளில் கேட்டுப் பாருங்கள்.